ஏழாம் நம்பர் டோக்கன்

போன் அடித்தது.

விடாமல் அடித்தது.

எடுக்க வேண்டியவள் எழுபது அடி தள்ளி, நீச்சல் கிளப்பின் மோட்டார் அறைக்குள், இரும்புக் கதவுக்குப் பின்னால் அடைபட்டிருந்தாள்... போனோ கேட்டருகே ஒரு மரப்பெட்டிக்குள் கிடந்தது.

அதைப் பெட்டியில் போட வைத்தது யார்?

அவளேதான்.

'குளத்துப் பக்கம் யார் கையிலும் போன் இருக்கக் கூடாது. குழந்தைகள் நீச்சல் உடையில் நடமாடும் இடம்.'

கிளப்பின் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி அவள். இதுபோல நாற்பத்திரண்டு சட்டங்கள் போட்டிருந்தாள். சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், 'சட்டம் அக்கா' என்றால்தான் தெரியும். கொசு உள்ளே வந்தால்கூட அதன் அப்பா அம்மாவிடம் கையெழுத்துக் கேட்பாள் என்று கிளப்பில் கேலி.

இப்போது அந்தக் கொசுக்கள்தான் அவளுக்குத் துணை.

அரை மணி நேரத்துக்கு முன்னால் நடந்தது இது.

கிளப்பின் கெட்டிக்கார நீச்சல்காரிக்குப் பன்னிரண்டு வயது. எல்லோருக்கும் அவள் மீன்குஞ்சு. அவள் பையில் புத்தம் புது நீச்சல் கண்ணாடி ஒன்றை அக்கா பார்த்தாள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. 'அம்மாவிடம் சொல்லாதே. இது நம் ரகசியம்.'

கீழே பெயர் இல்லை.

அன்று மாலை வெளியூர்ப் போட்டி. மீன்குஞ்சைக் கூட்டிப்போக இருந்தவர் மாஸ்டர். அவர் விசில் அடித்தால் குளத்துத் தண்ணீரே நேராக நிற்கும். கத்தினால் பக்கத்துத் தெருவில் பால் திரியும்.

அக்கா நேராகக் கிளப் தலைவரிடம் போனாள்.

"ஒளிச்சு ஒளிச்சுப் பரிசு குடுக்கிறாங்க, தலைவரே. எனக்கு மாஸ்டர் மேலதான் சந்தேகம்."

தலைவர் மெல்லிய குரல்காரர். அவர் பேசினால் ஐஸ்க்ரீம் உருகுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும்.

"எனக்கும் ரொம்ப நாளா ஒரு உறுத்தல்மா. மோட்டார் ரூம்ல ஏதோ பெட்டி ஒளிச்சு வெச்சிருக்கார். நீங்களே போய்ப் பாருங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

போனாள். குளோரின் டப்பாக்கள் இருந்தன. இலை அள்ளும் வலைக்கம்பு இருந்தது. பெட்டி இல்லை.

டக்...

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

"மாஸ்டர், கதவைத் திறங்க. நீங்கதான்னு எனக்குத் தெரியும்."

காலடிச் சத்தம் தள்ளிப் போனது.

உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம். அதற்கு அந்தப் பக்கம் கார் நிறுத்துமிடம். டப்பாக்களின் மேல் ஏறிக் காதை வைத்தாள்.

தலைவரின் குரல்.

அப்பாடா... நல்லவேளை!

"மாஸ்டருக்கு உடம்பு முடியலைம்மா. போட்டிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

"அம்மா வர வேணாமா அங்கிள்?"

"அம்மாகிட்ட நான் பேசிட்டேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தியா? அதுவும் நம்ம ரகசியம்தானே?"



கத்துகிறவரைச் சந்தேகப்பட்டு, அக்கா கொஞ்சுகிறவரிடமே புகார் கொடுத்திருக்கிறாள்!

நுரையீரல் முழுக்கக் காற்றை இழுத்து, வாயைத் திறந்தாள்...

மணி ஐந்து.

மோட்டார் தானாகவே ஓட ஆரம்பித்தது. பத்து யானைகள் ஒரே நேரத்தில் தொண்டையைக் கனைத்த மாதிரி ஒரு சத்தம். தன் அலறல் அவளுக்கே கேட்கவில்லை.

கதவை உதைத்தாள். கால்தான் வலித்தது. துவாரத்தில் கையை நுழைத்தாள். மணிக்கட்டோடு நின்றது.

கார் கதவு சாத்தப்படும் அதிர்வு சுவரில் தெரிந்தது.

ஏதாவது வெளியே எறிய வேண்டும்... என்ன இருக்கிறது?

இடது கையில் ஒரு பித்தளை டோக்கன். நம்பர் ஏழு.

அதுவும் அவள் போட்ட சட்டம்தான். போன வருடம் ஒரு பொடிசு உடை மாற்றும் அறையில் தூங்கிவிட, தெரியாமல் கிளப்பைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து, உள்ளே வருபவர் வாசலில் செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். போகும்போது டோக்கனைக் கொடுத்துச் செருப்பு வாங்க வேண்டும். வகுப்பு முடிந்து எல்லா டோக்கனும் வாசல் பலகையில் அதனதன் ஆணிக்கு வந்தால்தான் வண்டிகளுக்கு கேட் திறக்கும்.

எறியக் கையை ஓங்கினாள்.

நிறுத்தினாள்.

எறிந்தால் யாராவது எடுத்து வாசலில் கொடுப்பார்கள். ஏழு ஆணிக்குப் போய்விடும். ஆள் வெளியே போய்விட்டாள் என்று கணக்கு முடியும். கேட் திறந்துவிடும்.

டோக்கனை இறுக்கிப் பொத்திக்கொண்டு, டப்பா மேல் அப்படியே உட்கார்ந்தாள். அவளால் செய்ய முடிந்த ஒரே காரியம், ஒன்றும் செய்யாமல் இருப்பது.

கேட்டில்...

தலைவரின் கார் முதலில் நின்றது. பின்னால் பெற்றோர்களின் பதினோரு வண்டிகள். ஹாரன் சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் வேறு ஊருக்குக் குடிபோயின.

கேட்டின் முன்னால் ஒருவன். வயது முப்பத்தொன்று. அவன் மூளைக்குள் விஷயம் மெதுவாகத்தான் நுழையும். நுழைந்துவிட்டால் பூகம்பம் வந்தாலும் வெளியேறாது. பிறர் எளிதில் ஏமாற்றக்கூடியவர்கள் என்று அக்கா வைத்திருந்த பாதுகாப்புப் பட்டியலில் அவனும் ஒருவன். செருப்புக்குப் பொறுப்பு அவன்தான். கிளப்பே அவனை டோக்கன் என்றுதான் கூப்பிடும்.

"ஏழு வரலை சார்," என்றான் டோக்கன்.

"அவங்க அப்பவே போயிட்டாங்கடா. செருப்பு இருக்கா பாரு. இல்லைல்ல?"

"இல்லை."

"அப்புறம் என்ன? திற."

"செருப்பு போனா டோக்கன் வரணும். டோக்கன் வரலேன்னா செருப்பு இருக்கணும். ரெண்டும் இல்லை. கணக்கு தப்பு சார்."

தலைவரின் குரலில் இருந்த ஐஸ்க்ரீம் கொஞ்சம் உருகியது.

"நாளையில இருந்து நீ இங்க வர வேண்டாம்னு சொன்னா என்ன பண்ணுவே?"

வீட்டைவிட்டால் டோக்கனுக்குத் தெரிந்த ஒரே உலகம் அந்தச் செருப்பு அலமாரிதான். கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

"நாளைக்கு வரலை சார். இன்னைக்கு ஏழு வரணும்."

"என்னய்யா அங்க தகராறு?"

வரிசையின் கடைசியிலிருந்து ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தவர்... மாஸ்டர்!

காருக்குள்ளிருந்து மீன்குஞ்சு எட்டிப் பார்த்தாள்.

"மாஸ்டருக்கு உடம்பு முடியலைன்னு சொன்னீங்களே அங்கிள்?"

"எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன். போட்டி ரத்து, வீட்டுக்குப் போங்கன்னு தலைவர்தான் சொன்னார். போகலாம்னா இவன் விட மாட்டேங்கிறான். நீ ஏன் கார்ல உக்காந்திருக்கே?"

மரப்பெட்டிக்குள் போன் மறுபடியும் அடித்தது.

மாஸ்டர் டோக்கனிடம் திரும்பினார். "அக்காவைக் கடைசியா எங்க பார்த்தே?"

"மோட்டார் ரூமுக்குப் போனாங்க. தலைவர் பின்னாடியே போனார். தலைவர் மட்டும் வந்தார்."

"இதை ஏன்டா முன்னாடியே சொல்லலை?"

"யாரும் கேக்கலை."

"அவன் பேச்சைப் போய்ப் பெரிசா எடுத்துக்கிட்டு..." தலைவர் தன் நெற்றியில் விரலால் தட்டிக் காட்டினார். "அவனுக்கு இங்க கொஞ்சம் கம்மி."

மாஸ்டர் அதற்குள் ஓடியிருந்தார்.

தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்ததும், இலை அள்ளும் வலைக்கம்பு அவர் மண்டையில் இறங்கியது.

"அய்யய்யோ, நீங்களா மாஸ்டர்?"

"நானேதான். நாற்பத்து மூணாவது சட்டம் ஒண்ணு போடுங்கம்மா. காப்பாத்த வர்றவனை அடிக்கக் கூடாதுன்னு."

அக்கா வெறுங்காலோடு ஓடி வந்து, கார்க் கதவைத் திறந்து, மீன்குஞ்சின் கையைப் பிடித்தாள். மறு கையால் பெட்டியிலிருந்து தன் போனை எடுத்தாள்.

"அக்கா, இன்னைக்குப் போட்டி இருக்கா இல்லையா? யாருமே சொல்லலை. என் பொண்ணு எங்க?" மீன்குஞ்சின் அம்மா.

"இங்கதான்மா. என் கையைப் பிடிச்சிட்டு நிக்கிறா. நீங்க உடனே வாங்க."

பிறகு பொத்திய விரல்களைப் பிரித்தாள். உள்ளங்கையில் ஏழு அச்சாகப் பதிந்திருந்தது. டோக்கனை நீட்டினாள்.

அவன் வாங்கி ஆணியில் மாட்டினான். ஆனால், சாவியை எடுக்கவில்லை.

"இப்போ உங்க செருப்பு வேணும். கணக்கு இன்னும் முடியலை."

"என்னப்பா இது, பெரிய இழவாப் போச்சு," என்றார் தலைவர். அந்த மெல்லிய குரலைக் காணவே காணோம்.

மீன்குஞ்சு மெதுவாகச் சொன்னாள்.

"கார்ல பின் சீட்டுக்கு அடியில பச்சை வார் செருப்பு ஒண்ணு கால்ல இடிச்சுது. அது அக்காவோடதா?"

தலைவர் கேட்டைப் பார்த்தார். பூட்டு. பின்னால் பார்த்தார். பதினோரு வண்டிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு அப்பாவோ அம்மாவோ இறங்கிக்கொண்டிருந்தார்கள்... மெதுவாக.

போலீஸ் வரும்வரை அவர் காருக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்டேஷனில் லாக்கப்புக்குள் அனுப்பும் முன் பெல்ட்டையும் ஷூவையும் கழற்றச் சொன்னார் இன்ஸ்பெக்டர். கிளப்பில் ஒருநாளும் ஷூவைக் கழற்றாத தலைவர், குனிந்து கழற்றினார்.

சாட்சி சொல்ல அக்காவுடன் வந்திருந்த டோக்கன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பொறுக்கவில்லை.

"ஷூவை வாங்கிட்டீங்க. டோக்கன் குடுக்கலையே சார்? திரும்பப் போறப்ப என்ன பண்ணுவார்?"

இன்ஸ்பெக்டர் லாக்கப் கதவை இழுத்துப் பூட்டினார்.

"அவசரமில்லைப்பா. அவர் திரும்பப் போறதுக்குள்ள ஷூ ஃபேஷனே மாறிடும்."