மூன்றாவது கீழ்த்தளம்

அந்தக் கட்டடத்துக்குக் கீழ்த்தளம் ஒன்றுதான். லிஃப்டின் நிரல் துண்டுகளைக் கோத்துத் தரும் லிங்கர் மென்பொருள் எழுதித் தந்த பட்டியலில் மூன்று இருந்தன.

மொட்டைமாடி இயந்திர அறையில் கிரீஸ் வாடையும் பிற்பகல் வெக்கையும் சேர்ந்து தலையை அழுத்த, லிஃப்ட் கம்பெனிப் பொறியாளர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பழைய கட்டுப்பாட்டுப் பலகை எரிந்து மூன்று நாள். நாலாவது மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு வயதான அம்மா அன்றிலிருந்து கீழே இறங்கவில்லை. புதுப் பலகைக்காகப் பழைய நிரலை மூலத்திலிருந்தே கம்பைல் செய்து இயந்திர மொழிக்கு மாற்றவேண்டும். இருபது தடவை செய்தாயிற்று.

கூடுதல் தளங்கள் இரண்டும் வேறு ஏதோ கட்டடத்துக்கு எழுதிய நிரலின் மிச்சம் என்று நினைத்தாள். நிரலில் எந்த வரியும் அழைக்காத பகுதிகளை வெட்டி எறிய லிங்கருக்கு ஓர் ஆப்ஷன் உண்டு. சேர்த்தாள். நூறு பகுதிகள் போயின. மூன்றாம் கீழ்த்தளம் போகவில்லை. அப்படியென்றால் அதை ஏதோ ஒன்று அழைக்கிறது. நிரல் முழுக்கத் தேடினாள். அழைக்கிற வரி ஒன்றுகூட இல்லை.

கைபேசி அடித்தது. கணவன்.

"இன்னிக்காவது வீட்டுக்கு வருவியா?"

"இதோ ஆச்சு. ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுக் கிளம்பிடறேன்."

கம்பைலர் எச்சரிக்கைகளை அடக்கும் ஆப்ஷனையும் போட்டாள். பலகையில் ஏற்றினாள். சோதனைக்குக் காவலாளி தானே லிஃப்டில் ஏறிக்கொண்டார்.

"கீழ்த்தளம் அழுத்திட்டேன்மா," என்றது லிஃப்டுக்குள்ளிருந்து பேசும் ஒலிபெருக்கி. "ஜம்முனு போகுது."

கனத்த சக்கரம் சுழல, எண்ணெய் மினுங்கும் எஃகுக் கயிறு மெல்லிய முனகலோடு இறங்கிக்கொண்டே இருந்தது. கீழ்த்தளத்தைக் காட்டக் கயிற்றில் பூசிய மஞ்சள் பெயின்ட் அடையாளம் வந்தது. தாண்டியது. அதற்குமேல் கயிறே கிடையாது. கயிறு வந்துகொண்டிருந்தது.

"அண்ணா, நின்னுடுச்சா?"

"இல்லம்மா, இன்னும் போகுதே."

லிஃப்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். நிற்கவில்லை. மறுபடி குத்தினாள்.

பிறகு தானாக நின்றது. கதவு திறக்கும் சத்தம். செருப்பில்லாத கால்கள் தரையில் உரசும் சத்தம். நிறையக் கால்கள்.

"வாங்க, வாங்க, பாத்து," என்றார் காவலாளி, வாசலில் தினமும் சொல்கிற அதே குரலில். பிறகு, தணிந்து: "ஏம்மா, இவங்கள்லாம் நம்ம கட்டடமா?"

திரையில் எடை ஏறியது. எழுபது கிலோ. இருநூற்றுப் பத்து. எண்ணூறு.

சக்கரம் திரும்பிச் சுற்றியது.

வெளியே ஓடினாள். படிக்கட்டுக்குப் போக லிஃப்டைத் தாண்டவேண்டும். அதன் கதவுக்கு எதிரே வந்தபோது லிஃப்ட் மேலே வந்து நின்றது.

கதவு திறந்தது. அளவுக்கு மீறிய பாரம் என்று மணி விடாமல் அடித்தது. உள்ளே காவலாளி மட்டும். அத்தனை இடம் இருந்தும் மூலையில், தோளைக் குறுக்கி, கன்னம் சுவரில் நசுங்க நின்றார். மூச்சுக்குத் திணறியபடியே இன்னும் கொஞ்சம் ஒதுங்கி, அவளுக்கும் இடம் விட்டார்.