வெள்ளி ஐந்து மணிக்குள் ஒரு பாஸ்போர்ட்

போன் அடித்தபோது வேனுக்குள் பதினொரு பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

வேனக்கா எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடுவதில்லை என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். பதினாறு வருடமாக ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்புகூட இல்லாமல் பள்ளி வாசலில் இறக்கிவிட்டவள்.

மறுபடி அடித்தது.

மூன்றாவது முறை அடித்தபோது வண்டியை ஓரங்கட்டினாள்.

"யாருங்க?"

"நான் மொழிபெயர்ப்பாளர் பேசறேன்மா. வெளிநாட்டுல இருந்து. இங்க போலீஸ் சொல்றதை உங்களுக்குத் தமிழ்ல சொல்லணும். உங்க தம்பி பாஸ்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல உங்க நம்பர்தான் இருக்கு."

"அவனுக்கு என்ன?"

எதிர்முனையில் யாரோ வேறு மொழியில் நீளமாகப் பேசினார்கள். மொழிபெயர்ப்பாளர் அதைச் சுருக்கமாகச் சொன்னார்.

"ரயில்ல அடிபட்டுட்டார்மா. முகம் அடையாளம் தெரியலை. சட்டைப் பையில பாஸ்போர்ட் இருந்துச்சு. ரத்த உறவு யாராவது நேர்ல வந்து பார்த்துச் சொல்லணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் வச்சிருப்பாங்க."

"அதுக்கப்புறம்?"

"நம்பர் போட்டுப் புதைச்சிடுவாங்கம்மா."

வேனுக்குள் சத்தம் நின்றிருந்தது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் எப்படித்தான் தெரியுமோ...

"வேனக்கா, ஏன் அழறீங்க?"

"யாரு அழறா? சாஞ்சு உட்காரு."

பதினொரு பேரையும் எண்ணி இறக்கினாள். வாசல் கதவு மூடும்வரை நின்றாள். பிறகு வேன் படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

அன்று புதன்கிழமை. காலை எட்டே முக்கால்.

அவளிடம் பாஸ்போர்ட் கிடையாது.

*

பாஸ்போர்ட் அலுவலக வாசலில் ஒரு காவலாளி. நாற்காலி அவனுடையது. நிழலும் அவனுடையதே.

"அவசரப் பிரிவு எதுப்பா?"

"அந்தக் கடைசி வரிசை."

அது படியிறங்கி, சைக்கிள் நிறுத்தம் தாண்டி, சுவரைச் சுற்றித் திரும்பியிருந்தது. பக்கத்தில் சாதாரணப் பிரிவு. மூன்றே பேர்.

"அவசரம் ஏன் இவ்வளவு நீளம்?"

"சாதாரணமா போறதுக்கு யாருக்கும்மா நேரம் இருக்கு?"

நின்றாள். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் அடையாளச் சான்றுகள், பள்ளி கொடுத்த கடிதம், இரண்டு மாற்றுப் புடவை, தம்பிக்காக ஒரு வெள்ளைச் சட்டை. கடையில் அளவு கேட்டபோது சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. அம்மா, அப்பா இருவரும் இறந்தபோது தம்பிக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அவன் சட்டை அளவு அவளுக்குத்தான் தெரியும். இன்று பார்த்து மறந்துவிட்டது.

'நாற்பதா... நாற்பத்திரண்டா?'

இரண்டு அளவிலும் வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

ஊரில் அவனைப் பற்றி வேறு கதை. வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லி ஊரையே வரிசையில் நிற்கவைத்தவன். பணத்தோடு காணாமல் போய் நான்கு மாதம். அவன் மேல் வழக்கு. அவன் மனைவி மேலும் வழக்கு. அவள் பாஸ்போர்ட் கோர்ட்டில் முடக்கம். கூட்டாளிதான் ஏமாற்றினான், என் தம்பிக்கு ஒன்றும் தெரியாது என்று வேனக்கா இன்றுவரை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்கு அவள் டோக்கன் விளக்கு எரிந்தது.

கவுன்ட்டர் நான்கு.

*

நாலாம் கவுன்ட்டர்க்காரருக்கு மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது. கண்ணில் தூக்கம் இருந்தது. விரல் மட்டும் விழித்திருந்தது.

"பேரு, பொறந்த தேதி சரி. வேலை?"

"ஸ்கூல் வேன் ஓட்டறேன்."

"என்ன அவசரம்?"

"தம்பி இறந்துட்டான் சார். வெள்ளிக்கிழமைக்குள்ள அங்க நிக்கணும்."

அவர் முகம் கொஞ்சம் இளகியது. "அப்படியா... வருத்தம்தான்மா. பார்ப்போம், இன்னிக்கே முடிச்சிடலாம்."

தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார். கண்ணாடி நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கியது.

"உங்களுக்குத்தான் ஏற்கெனவே பாஸ்போர்ட் இருக்கே?"

"எனக்கா?"

"ரெண்டு மாசம் முன்னாடி குடுத்திருக்கு. போன வாரம் நாட்டை விட்டுப் போயிருக்கீங்க. திரும்பி வந்த பதிவு இல்லை." நிமிர்ந்தார். "அதாவது... நீங்க இப்போ வெளிநாட்டுல இருக்கீங்க."

"சார், நான் உங்க எதிர்ல நிக்கிறேன்."

"நீங்க நிக்கிறீங்க, அதை நான் ஒத்துக்கறேன். சிஸ்டம் ஒத்துக்க மாட்டேங்குது. வெளிநாட்டுல இருக்கிறவங்க அந்த நாட்டுத் தூதரகத்துலதான் விண்ணப்பிக்கணும்."

"அங்க போறதுக்குத்தான் சார் பாஸ்போர்ட் கேக்கறேன்."

"அதான் சொல்றேன். போயிட்டீங்களே."

வேனக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"போட்டோ இருக்குமில்ல? அதைக் காட்டுங்க."

விதிப்படி காட்டக்கூடாது. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதால் காட்டினார். திரையைப் பாதி திருப்பினார்.

ஒரு பெண். வேனக்கா கட்டுவது போலவே காதோரம் இறுக்கிய கொண்டை. வேனக்கா போடுவது போலவே தடித்த கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்...

தம்பி பொண்டாட்டி!

மூன்று மாதத்துக்கு முன் வந்து நின்றாள். 'அண்ணி, வக்கீல் கேக்கறாரு, உங்க ஒரிஜினல் எல்லாம் ரெண்டு நாளைக்குக் குடுங்க, ஜாமீனுக்கு.' கொடுத்தாள். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. எண்ணிக்கூடப் பார்க்காமல் பீரோவில் வைத்தாள்.

'அடிப்பாவி... புருஷன் தண்டவாளத்துல கிடக்கான். நீ என் பேரை எடுத்துக்கிட்டு எங்கடி ஓடினே?'

"சார்," என்றாள். "இது..."

நாலாம் கவுன்ட்டர்க்காரர் அவளைப் பார்க்கவில்லை. திரையின் அடி மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'படம் எடுத்தவர், ஆளைச் சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் ஒரு கையெழுத்து.

அவருடையது.

நெற்றியில் வியர்வை பொடித்தது. விசிறிக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தார்.

"விரல் ரேகை வச்சுப் பார்க்கலையா சார்?" என்றாள் மெதுவாக.

"வச்சாங்க. பொருந்தலை. ஸ்டியரிங் பிடிச்சுப் பிடிச்சுத் தேஞ்சு போச்சுன்னு சொன்னாங்க. அதுக்கு ஒரு விலக்கு பட்டன் இருக்கு... சாப்பாட்டு நேரம் வேற..." குரலைத் தாழ்த்தினார். "அம்மா, நிதானமா கேளுங்க. இது வேற ஆளுன்னு நீங்க சொன்னா, ஆள்மாறாட்டம். விசாரணை. குறைஞ்சது நாற்பத்தஞ்சு நாள் உங்களுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. எனக்கு வேலை கிடையாது."

"வெள்ளிக்கிழமை சார்... வெள்ளிக்கிழமை..."

"இருங்க. இதுவே உங்க பாஸ்போர்ட்தான், தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்கன்னா... ஒரே ஒரு படிவம். பழசை உடனே ரத்து பண்ணிட்டு, மூணு மணிக்குள்ள புதுசு."

வேனக்கா வாழ்க்கையில் சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை.

திரையில் இருந்த முகத்தைப் பார்த்தாள். பையில் இருந்த வெள்ளைச் சட்டையைத் தொட்டாள்.

"தொலைஞ்சு போச்சு சார்," என்றாள்.

*

தொலைந்த பாஸ்போர்ட்டுக்கு மேலதிகாரி கையெழுத்து வேண்டும். அந்த அம்மாள் திரையையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார்.

"இது நீங்களா?"

"ஆமாம்மா."

"மூக்கு வேற மாதிரி இருக்கே?"

"லைட்டிங் மேடம்," என்றார் நாலாம் கவுன்ட்டர்க்காரர் அவசரமாக. "நம்ம கேமரா எல்லாருக்கும் மூக்கை மாத்திடும். என் அடையாள அட்டையைப் பாருங்க."

பார்த்தார். அதில் இருந்தவர் யாரோ மாதிரிதான் இருந்தார்.

"சரி. போன வாரம் போனவங்க இந்த வாரமே திரும்பிட்டீங்களா?"

"ஊர் பிடிக்கலைம்மா."

"திரும்பி வந்த பதிவு இல்லையே?"

"அது விமான நிலையத்துக்காரங்க தப்பு மேடம்," என்றார் நாலாம் கவுன்ட்டர்க்காரர். "நம்ம துறை இல்லை."

'நம்ம துறை இல்லை.' அந்த மூன்று சொல்லைக் கேட்டதும் மேலதிகாரியின் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. பேனாவைத் திறந்தார்.

"இனிமே பத்திரமா வச்சுக்கோங்க."

கையெழுத்து.

நாலாம் கவுன்ட்டர்க்காரர் ஓடிவந்து உட்கார்ந்தார். 'ரத்து' என்ற கட்டத்தின் மேல் ஒரு தட்டு. உலகத்தின் எந்த மூலையில் அந்தப் பாஸ்போர்ட்டைத் தேய்த்தாலும் இனி சிவப்பு எரியும்.

மணி ஒன்று பத்து.

*

இரண்டு மணிக்குப் போன் அடித்தது. வெளிநாட்டு எண். ஆனால் காலையில் வந்த எண் இல்லை.

வேனக்கா காத்திருப்போர் பெஞ்சில் இருந்தாள்.

"சொல்லுங்கய்யா. டிக்கெட் போட்டாச்சு. நாளைக்குப் புறப்பட்டுடுவேன்."

"அக்கா..."

கையிலிருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து உருண்டது.

அந்தக் குரல்... ஒன்பது வயதிலிருந்து அவள் எழுப்பி, ஊட்டி, அதட்டி வளர்த்த குரல்.

"டேய்... நீயாடா?"

"அக்கா, என்ன காரியம் பண்ணினே? அந்தப் பாஸ்போர்ட்டை யாரு ரத்து பண்ணச் சொன்னது? அவ பிணவறையில உடம்பைப் பார்த்து, தம்பிதான்னு அழுது, கையெழுத்துப் போடப் போற நேரம். பாஸ்போர்ட்டை வாங்கித் தேய்ச்சுப் பார்த்திருக்காங்க, செல்லாதுன்னு வந்துருச்சு. உட்கார வச்சுட்டாங்க."

"நீ... செத்துட்டியேடா."

"ஆமா, அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல அந்த ஆபீஸ்ல சொல்லி..."

"செத்துட்டேன்னு சொன்னாங்களேடா... நான் உனக்குச் சட்டை எல்லாம்..."

"அக்கா, செத்தாதான் கேஸை மூடுவாங்க. அவ பாஸ்போர்ட் கோர்ட்ல இருக்கு. அதான் உன் பேர்ல எடுத்தோம். அக்கா வந்து அடையாளம் காட்டினா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. இவங்க உனக்குப் போன் பண்ணுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? கடைசிப் பக்கத்துல உன் நம்பர் இருக்கிறதே எனக்கு மறந்து போச்சு."

மறந்து போச்சு.

வேனக்கா எதிர்ச்சுவரைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. ஒரு ஆணி மட்டும் இருந்தது.

"அப்போ அந்த உடம்பு யாரோடதுடா?"

"யாருக்குத் தெரியும். ரயில்ல அடிபட்டுக் கிடந்தான். பையில ஒண்ணுமே இல்லை. என் பாஸ்போர்ட்டை வச்சேன், அவ்வளவுதான். ஏதோ அனாதைக்கா."

ஒரு அக்கா எங்கேயோ, எந்தத் தெருவிலோ, அடிக்காத ஒரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்...

"அக்கா? கேக்குதா? எதாவது பண்ணுக்கா. உனக்கு என்னை விட்டா யாரு?"

"எங்கடா தங்கியிருக்கே?" குரல் பஞ்சு போல இருந்தது. காய்ச்சல் வந்த பிள்ளையிடம் பேசுகிற குரல். "அட்ரஸ் சொல்லு. அக்கா நாளைக்கு வர்றேன்ல, நேரா உன்கிட்டயே வந்துடறேன்."

சொன்னான். விடுதி பெயர். தெரு. மூன்றாம் மாடி. அறை எண்.

டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

"சாப்பிட்டியா?"

"எங்க சாப்பிடறது... இந்தக் கலவரத்துல..."

"சாப்பிடு. வெளிய எங்கயும் போகாதே. ரூம்லயே இரு."

வைத்தாள். காலையில் வந்த எண்ணை அழுத்தினாள்.

"மொழிபெயர்ப்பாளர் ஐயாங்களா? காலையில நீங்க போன் பண்ணினீங்களே, அந்த அக்கா பேசறேன். என் தம்பியை நான் அடையாளம் காட்டிட்டேன், போன்லயே. ஒரு அட்ரஸ் சொல்றேன், பக்கத்துல இருக்கிற போலீஸ்காரர்கிட்ட அவர் பாஷையில சொல்லுங்க. மூணாம் மாடி... ம்... ஒரு வார்த்தையும் விடாம சொல்லுங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இன்னொண்ணுய்யா. அந்த உடம்புக்கு இன்னும் யாரும் வரலை. அவனுக்கு நம்பர் போட்டுடாதீங்கன்னு சொல்லுங்க. யாராவது கண்டிப்பா தேடிக்கிட்டு இருப்பாங்க."

*

மூன்று மணி. கவுன்ட்டர் நான்கு.

புதுப் பாஸ்போர்ட் மேஜை மேல் இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. நாலாம் கவுன்ட்டர்க்காரர் அதன் மேல் கையை வைத்திருந்தார்.

"அம்மா... நீங்க பெஞ்சுல பேசினது கொஞ்சம் காதுல விழுந்துச்சு. போன்ல யாரு?"

"என் தம்பி."

"எந்தத் தம்பி?"

"எனக்கு ஒரே தம்பிதான் சார். இறந்து போனவன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார்.

"அப்போ... உயிரோட இருக்காரா?"

"நல்லா இருக்கான். பசிக்குதாம்."

"இது சிக்கலாச்சேம்மா. 'ரத்த உறவு மரணம்'னு காரணம் காட்டித்தான் அவசரப் பிரிவுல குடுத்திருக்கோம். அவர் உயிரோட இருந்தா இந்தக் காரணம் செல்லாது. விதிப்படி நீங்க சாதாரணப் பிரிவுக்குத்தான் போகணும். முப்பது நாள் ஆகும்."

வேனக்கா அவர் கையை மெல்ல நகர்த்தினாள். பாஸ்போர்ட்டை எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"கவலைப்படாதீங்க சார். நான் போய்ச் சேர்ந்ததும் காரணம் சரியாயிடும்."