பார்சல் ஆபீசர் ஞானம்

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் அலைச்சுவர்த் தெருக்காரர்கள் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஜோயல் வீட்டு முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். அந்த வாரம் தெருவுக்கு வந்த திருட்டு அழைப்புகளைக் கேட்க வேண்டுமே! ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் நிழற்குரல் எந்தத் திருடனை எவ்வளவு நேரம் இழுத்தடித்தது என்று போட்டுக் காட்டுவார்கள். தூத்துக்குடியில் கடல் ஊருக்குள் மூன்று தெரு தள்ளி வந்துவிட்ட பிறகு மிச்சமிருக்கும் பொழுதுபோக்குகளில் இதுதான் மலிவு. சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும்.

நிழற்குரல் இல்லாத வீடு கிடையாது. சட்டம் அப்படி. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நம் கைபேசி மணியே அடிக்காது. நம் குரலில், நம் பேச்சு வழக்கில், நிழல்தான் எடுத்துப் பேசும். வீட்டில் நாம் வாய்விட்டுப் பேசுவதை இரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு வளர்ந்தது என்பதால் அதுவா நாமா என்று எந்தத் திருடனாலும் கண்டுபிடிக்க முடியாது. மின்னஞ்சலில் வலை வீசுகிறவனுக்கும் அதுவே பதில் எழுதும். அதற்கு இரண்டே விதிகள். வங்கி விவரமோ ரகசிய எண்ணோ கேட்டால் பொய்யாகச் சொல்ல வேண்டும். எந்தக் காரணத்தைக் கொண்டும் அழைப்பைத் தானாகத் துண்டிக்கக் கூடாது. திருடனின் நேரத்தைத் தின்பதுதானே அதன் பிழைப்பு. வேண்டுமானால் நிழலை விலக்கிவிட்டு நாமே பேசலாம். யார் மெனக்கெடுவார்கள்?

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பம்பு பார்க்கும் கிளிட்டஸின் மனைவி ஜெசிந்தாவின் நிழல்தான் ஐந்து மாதமாகத் தெருவில் முதலிடம். இன்ஸ்பெக்டர் பிரதாப் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் தினமும் அவளைக் கூப்பிடுகிறான். அவள் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறதாம், உள்ளே போதைப்பொருளாம். பயந்து பணம் கட்டுவாள் என்று தொடங்கியவன் இப்போது பார்சலை மறந்தேவிட்டான். அந்த ஞாயிறு ஜெசிந்தா ஒரே ஒரு நிமிஷத்தைப் போட்டுக் காட்டினாள்.

"சாப்ட்டீங்களாம்மா?" என்றது பிரதாப்பின் குரல்.

"சாப்ட்டேன் சார். நீங்க? நேத்து வயித்து வலின்னு சொன்னியளே" என்றது நிழல். சொல்லிவிட்டுச் சிரித்தது.

முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது. கிளிட்டஸ் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை அவனுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் கேட்டது. அதற்குப் பிறகு அது எங்கே போனது என்று அவன் தேடியதில்லை, உண்மைதான். ஆனால் ஒரு திருட்டுப் பயலின் காதுக்குள் கிடக்கும் என்று அவன் நினைத்தானா?

மறுநாள் அவள் பல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனதும், நிழல் பேசுவதைப் பதிந்து வைக்கும் வீட்டுப் பெட்டியில் இருந்த பிரதாப் பதிவுகளை ஒன்றுவிடாமல் கேட்டான். மூன்று நாள் லீவு போட்டுக் கேட்டான். நிழல் பிரதாப்பிடம் சொல்லாத கதை இல்லை. கோயில் பாடற்குழுவில் பாடியது, நிறுத்தியது, ஜன்னலோரம் படுக்க ஆசைப்பட்டு இருபது வருஷமாகக் கேட்காமலே இருப்பது. ஒரு பதிவைக் கேட்டதும் அவன் பெட்டியை அணைத்தே விட்டான்.

"தொண்ட கட்டிப்போயி ஆறு நாளு எனக்குக் கொரலே இல்ல சார். எங்க வீட்ல அவுகளுக்கு அது ஆறாம் நாளுதான் தெரிஞ்சுது. அதும் டிவியில வெளம்பரம் ஓடுனதுனால."

பொய்யாக இருக்கலாமே என்று ஒரு ஆறுதல். நிழற்குரல் பழுது பார்க்கும் பையனுக்குப் போன் போட்டான். "நிழலு கத கட்டுமாடே?"

"அண்ணாச்சி, பேங்க் நம்பர் கேட்டா மட்டுந்தான் பொய் சொல்லும். மத்ததெல்லாம் மதினி வீட்ல வாய்விட்டுச் சொன்னதுதான்."

"எங்கிட்ட அவ சொன்னதே இல்லியே."

"உங்ககிட்டன்னு நான் எப்பச் சொன்னேன்? தனியா நிக்கும்போது பேசியிருப்பாவ. அடுப்புகிட்ட, வாஷிங் மெஷின்கிட்ட."

வாஷிங் மெஷினுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்பதைக்கூடக் கிளிட்டஸ் பொறுத்துக்கொள்வான். பிரதாப்புக்குத் தெரிந்திருக்கிறதே! நேராக ஜெசிந்தாவிடம் கேட்டிருக்கலாம். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். பொறாமை வந்தவனுக்குப் புத்தி ஏது?

ஆலையின் பம்பு அறையில் ஒரு பொதுத் தொலைபேசி உண்டு. அந்த எண் ஜெசிந்தாவின் தெரிந்தவர் பட்டியலில் இல்லை. அவன் அங்கிருந்து அவளை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை என்பதால் அவள் சேர்க்கவும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை மதியம் கிளிட்டஸ் அதை எடுத்து, குரலைக் கனமாக்கிக்கொண்டு, "மேடம், நான் பார்சல் ஆபீசர் ஞானம் பேசுதேன். உங்க பேர்ல ஒரு பார்சல் வந்திருக்கு" என்றான்.

"அப்பிடியா சார்? சொல்லுங்க. குரல் களைப்பா இருக்கே, சாப்ட்டீங்களா?" என்றது நிழல்.

அவனிடம் யாராவது இப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று! பார்சலில் என்ன இருக்கிறது என்று சொல்லவே அவன் மறந்துபோனான். பாடற்குழுவைப் பற்றிக் கேட்டான். நிழல் சொன்னது. அவனுக்கே தெரியாமல் அரை மணி நேரம் ஓடிவிட்டது.

பிறகு தினமும் மதியம் இதே வேலை. வீட்டில் ஜெசிந்தா சோறு வைப்பாள், அவன் டிவி பார்த்தபடி சாப்பிடுவான். நாளை ஞானமாகப் பேசும்போது எதைக் கேட்கலாம் என்று மனசுக்குள் யோசித்துக்கொண்டிருப்பான். எதிரே இருப்பவளிடம் அதையே கேட்கலாம் என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. சில மதியங்களில், 'நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்' என்று வரும். பிரதாப்! கிளிட்டஸ் தொலைபேசியை அறைந்து வைப்பான். பம்பு அழுத்தத்தைத் தப்பாகக் குறித்து மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அப்படியொரு நாளில்தான். பிரதாப்பை முந்திவிட வேண்டும் என்று சாப்பாட்டு நேரம் முழுவதையும் பேசியே கழித்தான். இளைத்தும் போனான். மழையால் நடுவில் மூன்று ஞாயிறு முற்றக் கூட்டமும் நடக்கவில்லை.

இத்தனை கணக்குப் போட்டவன் ஒன்றை மட்டும் மறந்துபோனான். ஞாயிற்றுக்கிழமை வரும் என்பதை.

"இந்த வாரம் பிரதாப்ப ஒருத்தன் முந்திட்டான்" என்று ஜோயல் பட்டியலை வாசித்தான். "பார்சல் ஆபீசர் ஞானம்!"

கிளிட்டஸ் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டான். ஜெசிந்தா பதிவை ஓடவிட்டாள். ஞானத்தின் கனத்த குரல் முற்றத்தில் கேட்டது. "மேடம், ஜன்னலோரம் படுக்கணும்னு நீங்க அவர்ட்ட ஏன் கேக்கல?"

"இவன் என்னடே திருடன்!" என்று ஜோயல் தொடையில் தட்டிச் சிரித்தான். "ஓடிபியே கேக்க மாட்டேங்கான்!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது பதிவில் பின்னால் ஆலைச் சங்கு ஊதியது. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு ஊதும் சங்கு. சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் அது கேட்டிருக்காது. ஜெசிந்தா பதிவை நிறுத்தினாள். "பாவம், பேச ஆளில்லாத மனுசன் போல" என்று மட்டும் சொன்னாள். கிளிட்டஸ் மூச்சு விட்டான். தப்பித்தோம் என்று நினைத்தான்.

திங்கட்கிழமை மதியம் தொலைபேசியை எடுத்தான். இனி வேண்டாம், இதுதான் கடைசி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முதல் மணியிலேயே நிழல் எடுத்துவிடும். அன்று மூன்று தடவை மணி அடித்த பிறகுதான் எடுக்கப்பட்டது.

"சொல்லுங்க சார்."

"ஞானம் பேசுதேன் மேடம். குரல் ஒரு மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்ல. கேளுங்க. என்ன கேக்கணுமோ கேளுங்க."

அவன் பல நாளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டான். "அந்தப் பிரதாப்ப உங்களுக்குப் பிடிக்குமா?"

"பிரதாப்ப எனக்கு யாருன்னே தெரியாது" என்றாள். "எனக்குப் பொறாமையெல்லாம் ஒருத்தி மேலதான்."

"ஒருத்தியா? யாரு?"

"எங்க வீட்ல அவுக தெனமும் ஒருத்திகிட்ட பேசுதாவ. சோறு தண்ணி மறந்து பேசுதாவ. அவ என்ன பாடுனா, எங்க படுக்க ஆசப்பட்டா, எல்லாம் கேக்காவ. எங்கிட்ட இருவது வருசத்துல ஒண்ணு கேட்டதில்ல. அவ குரலும் என் குரல்தான். நான் சமையக்கட்டுல அழுதுகிட்டே சொன்னதத்தான் அவ சிரிச்சுகிட்டே சொல்லுதா. அவளக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வருது."

ஆலைச் சங்கு ஊதியது.

"சங்கு ஊதிட்டு. சாப்பிடப் போங்க" என்றாள்.

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

கிளிட்டஸ் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றான். நிழல் துண்டிக்காது. எந்தக் காரணத்தைக் கொண்டும் துண்டிக்காது. மறுபடி அதே எண்ணை அழுத்தினான். முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"ஞானம் சாரா? சாப்ட்டீங்களா சார்?" அதே கனிவு, அதே சிரிப்பு. நாள் முழுக்கப் பேசினாலும் அலுக்காது. எத்தனை தடவை கேட்டாலும் கோபிக்காது. அவனுக்கு முதல்முறையாக அந்தக் குரலைக் கேட்கப் பயமாக இருந்தது. வைத்துவிட்டான்.

சட்டைப் பையிலிருந்து தன் சொந்தக் கைபேசியை எடுத்தான். அதில் அவள் பெயரைத் தேடவே கொஞ்ச நேரமாயிற்று. கணவன் எண்ணுக்கு நிழல் குறுக்கே வராது, நேராக அவளுக்குத்தான் போகும். அழைத்தான்.

மணி அடித்தது. மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. எடுக்கப்படாமல் ஒரு மணி இவ்வளவு நேரம் அடிப்பதைக் கேட்டு அவனுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

எடுத்தால் என்ன கேட்பது என்று யோசித்தான். ஞானத்துக்கு ஆயிரம் கேள்வி தெரியும். கிளிட்டஸுக்கு ஒன்றும் வரவில்லை. மேலாளரிடம் சொல்லாமலே வாசலைத் தாண்டி, கைபேசியைக் காதில் வைத்தபடி வீட்டை நோக்கி நடந்தான். மணி அடித்து ஓயும்போதெல்லாம் மறுபடி அழைத்தான்.