திரும்புவோர் கணக்கு

மனிதன் தன் மனத்தைத் தானே அறியும் யுகம் பெர்கன் நகரில் பிறந்தது. பிறந்த இடம், ஒரு வங்கியின் மூன்றாவது கவுன்ட்டர்.

கருவியின் பெயர் உள்நோக்கமானி. நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதை நிஜமாகவே செய்யப்போகிறோமா என்று நம் நரம்புகளே காட்டிக்கொடுத்துவிடும்; எண்ணம் நிஜமென்றால் கருவியின் முள் நகரும்.

ஊருக்குத் திரும்பவிருக்கும் வெளிநாட்டவருக்கு அங்கே வரியில்லாத 'திரும்புவோர் கணக்கு' உண்டு. பொய் சொல்லி அதை அனுபவிப்பவர்களைக் கருவி வைத்துப் பிடியுங்கள், பிடிபட்டால் கணக்கை முடக்குங்கள் என்று மனுக்கொடுத்தவர் தமிழ் மன்றத் தலைவர் அருட்செல்வன். அதனால் முதல் சோதனையும் அவருக்கே. பட்டு வேட்டியில் வந்திருந்தார். கூட்டுக் கணக்கு என்பதால் மனைவி பூங்கோதையும் கூட வந்திருந்தாள்.

"இன்னும் ரெண்டே வருஷம். அருப்புக்கோட்டைக்குப் போயிருவேன்," என்றார் மேடைக் குரலில்.

முள் அசையவில்லை.

"பட்டை லூசா இருக்கு."

அதிகாரி இங்க்ரித் பட்டையை இறுக்கினார்.

"ரிட்டயர்டானதும் கண்டிப்பா." அசையவில்லை. "பையன் படிப்பு முடியட்டும்..."

"அவன் வேலைக்கே போயிட்டான்," என்றாள் பூங்கோதை. "உங்க பேச்சை நம்பித்தான நான் நிரந்தர வேலையை வேணாம்னேன்? ஒரு சோபா வாங்கவிட்டீங்களா?"

"மிஷினுக்குத் தமிழ் புரியல, கோதை."

"எனக்குப் புரிஞ்சுச்சே, பதினாறு வருஷமா!"

இங்க்ரித்தின் சொற்களைக் காதில் மாட்டியிருந்த செவிப்பெயர்ப்பி சுத்தத் தமிழில் தந்தது: "கவலை வேண்டாம் ஐயா. 'இங்கேயே இருப்பேன்' என்று கூறுங்கள். குடியிருப்போர் கணக்குக்கு மாற்றி, முடக்கத்தைத் தவிர்க்கலாம்."

அருட்செல்வன் அப்படியே சொன்னார். முள் அதற்கும் அசையவில்லை.

போகவும் எண்ணமில்லை, இருக்கவும் எண்ணமில்லை. இப்படியொரு மனத்தை இங்க்ரித் பார்த்ததில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "வேறு என்னதான் செய்வதாக உத்தேசம்?"

"'போயிருவேன், போயிருவேன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்'னு சொல்லிப் பாருங்க," என்றாள் பூங்கோதை.

"என்ன விளையாட்டா?"

"சும்மா சொல்லுங்க."

சொன்னார். முள் துள்ளிப்போய் எல்லையில் முட்டி நின்றது.

அதற்கென்று வங்கியில் கணக்கு எதுவும் இல்லை. பூங்கோதை பட்டையைக் கழற்றித் தன் நெற்றியில் கட்டிக்கொண்டாள்.

"நான் இங்கதான் இருப்பேன்."

முள் நகர்ந்து பச்சை விளக்கு எரிந்தது. சேமிப்பு முழுவதும் அவள் பெயருக்குப் போய் முடங்காமல் தப்பியது. அருட்செல்வன் அவள் கணக்கில் சார்ந்திருப்போராகச் சேர்க்கப்பட்டார். அந்த வங்கியில் இதுவரை பிள்ளைகள்தான் சார்ந்திருந்தார்கள்.

அவருக்குக் கொடுத்த அட்டையில் முயல் படம் இருந்தது.