ஆற்றில் கலந்த வெள்ளை

கொக்குவிலில் செபநாயகத்தின் வீட்டு வாசலில் யசிந்தா வந்து இறங்கியபோது, தனுசியாவின் கண்ணில் முதலில் பட்டது அவளுடைய புதுக் கார். அழுது வீங்கிய முகம் அதற்குப் பிறகுதான். இந்த ஒழுங்கு சரியில்லை என்று தனுசியாவுக்கே தெரியும். ஆனால் பள்ளிக்கூடக் காலம் முழுவதும் ஒரே வகுப்பில் யசிந்தாவுக்கு அடுத்த இரண்டாம் பிள்ளையாகவே வந்தவளுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் விளங்கும்.

செபநாயகம் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் விசாரணையாளராக இருந்தவர். எரிந்த கடை உண்மையில் எப்படி எரிந்தது என்று தேடித் தேடியே தலை நரைத்த மனிதர். ஓய்வுபெற்ற பிறகும் ஆட்கள் தேடி வந்தார்கள். தனுசியா அவருக்கு உதவியாளர்.

“அங்கிள், நாளைக்குப் பிரதேச சபையிலையிருந்து என்ரை ஆலையைப் பூட்ட வருகினம்,” என்றாள் யசிந்தா. பக்கத்தில் அவள் கணவன் கிறிஸ்ரோபர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான்.

யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்லக் கிடைப்பதே அருமை. கிடைத்ததில் ஒன்றான தொண்டைமானாற்றின் கரையில், அச்சுவேலிப் பக்கமாக, யசிந்தா பாலில் யோகட்டும் பன்னீரும் செய்யும் ஆலை நடத்தினாள். முந்தநாள், மாடுகளுக்குப் பொங்கும் பட்டிப்பொங்கலன்று, ஆலையின் கழிவு வாய்க்கால் விழும் இடத்தில் ஆறு வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. மதகு பூட்டியிருந்ததால் தண்ணீர் ஓடாமல் நின்றது. பின்னேரம் மீன்கள் செத்து மிதந்தன.

“கழுவின தண்ணியெல்லாம் தொட்டியிலைதான் நிக்குது. அண்டைக்கு ஒரு சொட்டும் விடேல்லை. நான் பால் தாற ஆக்களின்ரை வீடுகளுக்குப் பொங்கலுக்குப் போயிட்டன். என்னை நம்புங்கோ அங்கிள். ஆலை போச்சுதெண்டால் நான் போனன்.”

செபநாயகம் அவளை உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். அந்த இடைவெளியில் கிறிஸ்ரோபர் தனுசியாவை வாசல் படலையடிக்கு அழைத்தான்.

“தங்கச்சி, உமக்கு மட்டும் சொல்லுறன். நான் அண்டைக்கு அக்கரையிலை நிண்டனான். வழமை போலக் காலமை பால்வண்டி வந்து பால் நிரப்பின கானுகளை இறக்கிப்போட்டுப் போனது. பிறகுதான் வாய்க்கால் வெள்ளையா வந்தது. பெண்சாதியை எப்பிடிக் காட்டிக்குடுக்கிறது? பேசாமல் பூட்டினால் அவளுக்கும் நல்லம். வீட்டிலை நிம்மதியா இருக்கலாம்.”

தனுசியாவுக்கு வாய் கொள்ளாத சந்தோசம். அதை மறைக்கப் பெரும்பாடு பட்டாள். கட்டின மனுசனே சாட்சி சொல்கிறான், இனி என்ன வேண்டும்? கார் போனதும் ஒரு சொல் விடாமல் செபநாயகத்திடம் ஒப்புவித்தாள்.

“இதை யசிந்தாவுக்கு முன்னாலை ஏன் சொல்லேல்லை?” என்றார் அவர்.

“அன்பு, சேர்,” என்றாள் தனுசியா.

மத்தியானம் இருவரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். வழியில் செபஸ்தியார் கோயிலுக்குத் திருநாள் கொடி ஏறியிருந்தது. முன்சுவரும் பக்கச் சுவர்களும் புதிதாக வெள்ளையடித்துப் பளிச்சென்று நிற்க, பின்சுவர் மட்டும் பாசி பிடித்துக் கிடந்தது. முற்றம் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் செபநாயகம் காரணம் கேட்டார்.

“சுண்ணாம்பு காணாமல் போயிட்டுதாம் ஐயா. இந்த முறை கிறிஸ்ரோபர் அண்ணைதான் பொறுப்பு. அவரைத்தான் கேக்கவேணும்.”

ஆற்றங்கரையில் மீனவர் சங்கத் தலைவர் அடைக்கலநாதன் காத்திருந்தார். கோபத்தில் மீசை துடித்தது.

“அண்டைக்கே நான் நியாயம் கேக்கப் போனனான். கேற்றிலை இந்தப் பெரிய பூட்டு! காவலாளியும் இல்லை. பூட்டிப்போட்டுக் கள்ளத்தனமாத் திறந்து விட்டிருக்கிறாள். செத்த மீனுக்கு ஆர் பதில் சொல்லுறது?”

‘பார்த்தீர்களா’ என்பது போலத் தனுசியா செபநாயகத்தைப் பார்த்தாள். அவரோ வாய்க்காலை ஒட்டிக் குந்தியிருந்தார். ஆலை மதிலுக்கு உள்ளே வாய்க்கால் சீமெந்து கறுப்பாக இருந்தது. மதிலுக்கு வெளியே, ஆற்றுக்குள் விழும் கடைசித் துண்டில் மட்டும் வெள்ளை காய்ந்து கனத்த பொருக்காகப் படிந்திருந்தது. அதில் மொய்க்க ஒரு இலையானோ எறும்போ வரவில்லை.

அடைக்கலநாதனின் வீடு கிட்டத்தான். செபநாயகம் அங்கே ஒரு கோப்பைத் தண்ணீரும் கொஞ்சம் மஞ்சள்தூளும் கேட்டு வாங்கினார். பொருக்கைச் சுரண்டிக் கோப்பையில் போட்டுக் கரைத்தார். மஞ்சள் தண்ணீர் சிவந்தது.

“ஆரத்தித் தண்ணி மாதிரி!” என்றார் அடைக்கலநாதன்.

“அதேதான். பாலிலை மஞ்சளைப் போட்டால் மஞ்சளாத்தான் நிக்கும். இது சுண்ணாம்பு.”

 கைக்கு எட்டிய பரிசை மறுபடியும் யசிந்தா தட்டிக்கொண்டு போகிறாள் என்பது போலத் தனுசியாவுக்கு ஒரு ஆத்திரம். “சுண்ணாம்பையும் அவளே கொட்டியிருக்கலாம்தானே சேர்? தொட்டி நாத்தத்துக்குப் போட்டிருப்பாள்,” என்றாள்.

“அப்பிடியெண்டால் தொட்டியிலிருந்து வெள்ளை வந்திருக்கவேணும். மதிலுக்கு வெளியிலை தொடங்காது.” செபநாயகம் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். “பிள்ளை, உம்மடை ஊர் நீர்வேலி. வீட்டிலை மாடு நிக்குது. நான் வேதக்காரன், கிறிஸ்தவன், எனக்கு உது சரியாத் தெரியாது. பட்டிப்பொங்கலண்டு உங்கடை வீட்டிலை பால் விக்கிறனீங்களோ?”

தனுசியா திடுக்கிட்டாள். விற்பதில்லை. அன்று கன்றை அவிழ்த்துவிட்டு, குடிக்கும் மட்டும் குடிக்க விடுவார்கள். மாலை போட்டு, பொங்கல் ஊட்டி, அந்த ஒரு நாள் பால் கன்றுக்கே என்று விட்டுவிடுவார்கள். சிறு பிள்ளையிலிருந்தே பார்த்தவள். படலையடியில் கிறிஸ்ரோபர் சொன்னபோது அது ஏன் மூளையில் தட்டவில்லை? தட்டவில்லை என்பது பொய். யசிந்தா குற்றவாளியாக இருக்கவேண்டும் என்ற ஆசை, தட்டியதைத் திறக்க விடவில்லை.

‘சில வீடுகளில் விற்பார்கள்’ என்று சொன்னால் போதும். அவர் வேறு யாரிடமும் கேட்கமாட்டார். நாளைக்கு ஆலைக்குப் பூட்டு விழும், அந்தக் காரும் விலைப்படும். அடைக்கலநாதனும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்லை சேர்,” என்றாள் கடைசியில். “ஒருத்தரும் விக்கமாட்டினம். பால்வண்டிக்கு அண்டைக்கு வேலையே இல்லை.”

பின்னேரம் ஆலை முற்றத்தில் யசிந்தா, கிறிஸ்ரோபர், அடைக்கலநாதன், சங்கத்து ஆட்கள் சிலர் கூடினார்கள். செபநாயகம் குரலை உயர்த்தவேயில்லை.

“அண்டைக்குக் கேற் பூட்டிக் கிடந்ததெண்டு அடைக்கலநாதன் சொல்லுறார். காலமை பால்வண்டி வந்ததெண்டு இன்னொருத்தர் சொன்னார். ரெண்டும் சரியாய் இருக்கேலாது. மாடு வளர்க்கிற ஆக்கள் பட்டிப்பொங்கலண்டு பால் குடுக்கமாட்டினம். அதாலைதான் ஆலைக்கு விடுமுறை. இது இந்த ஆலையிலை வேலை செய்யிற எல்லாருக்கும் தெரியும். பால்வண்டி வந்ததெண்டு கதை கட்டினவருக்குத் தெரியாது. ஆத்திலை விழுந்தது சுண்ணாம்பு. செபஸ்தியார் கோயில் பின்சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பும் காணாமல் போயிட்டுது. அது ஆரின்ரை பொறுப்பிலை இருந்தது, கிறிஸ்ரோபர்?”

கிறிஸ்ரோபர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு வாய்க்கால் பக்கம் பார்த்தான்.

“தண்ணி வெள்ளையாத் தெரிஞ்சால் போதுமெண்டுதான் நினைச்சன். மீன் சாகுமெண்டு எனக்குத் தெரியாது,” என்றான். “கலியாண வீட்டிலை, செத்த வீட்டிலை, எங்கை போனாலும் யசிந்தாவின்ரை மனுசன். எனக்கொரு பேர் இல்லையோ? பேப்பரிலை அவளின்ரை படம். கோயிலிலை அவளுக்கு முன் வாங்கிலை இடம். இது இல்லாமல் போனால் அவள் பழையபடி என்னோடை இருப்பாளெண்டு நினைச்சன்.”

யசிந்தா அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அழவில்லை.

“வருசா வருசம் பட்டிப்பொங்கலுக்கு ஆலை பூட்டுறனான். ஒவ்வொரு முறையும், வாங்கோ, சேர்ந்து போவமெண்டு கூப்பிட்டிருக்கிறன்,” என்றாள். “நான் என்ன செய்யிறன், எங்கை போறனெண்டு ஒருநாள் கேட்டிருந்தால் உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும்.”

 அடைக்கலநாதன் கிறிஸ்ரோபரை ஒரு பார்வை பார்த்துவிட்டு யசிந்தா பக்கம் திரும்பினார்.

“சரி தங்கச்சி, அண்டைக்கு நீர் இல்லை. மற்ற நாளையிலை? உந்த வாய்க்கால் ஏன் உள்ளுக்கை கறுத்துக் கிடக்குது? கரையிலை காலை வைச்சால் புளிச்ச நாத்தத்தோடை முழங்கால் மட்டும் சேறு. போன வருசம் இந்தத் துண்டிலை இறால் பட்டது. இந்த வருசம் பாசிதான் படுது.”

செபநாயகம் குறுக்கிடவில்லை. அதையும் அவர் பார்த்திருந்தார் என்று தனுசியாவுக்குத் தெரியும். யசிந்தா இப்போது வென்றவள். பேசாமல் இருந்தால் நாளைக்கு ஒருவரும் பூட்ட வரமாட்டார்கள். தப்பித்துப் போகட்டும், அப்போதாவது அவள் ஒரு பொய்க்காரி என்று எனக்குத் தெரிந்திருக்கும் என்று தனுசியா ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தொட்டி சின்னன் அண்ணை,” என்றாள் யசிந்தா. “நிரம்பினால் இரவிலை திறந்து விடுறனாங்கள். அது நான்தான் சொல்லி விடுறது. கொஞ்சம்தானே, ஆத்தோடை போகுமெண்டு நினைச்சன். நாளைக்கு அவை வரட்டும். பூட்டட்டும். வடிச்சுச் சுத்தம் பண்ணுற தொட்டி கட்டி முடியும் மட்டும் நான் திறக்கமாட்டன்.”

 அடைக்கலநாதன் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் கோபத்தைவிட மரியாதைதான் கூட இருந்தது.

திரும்பும் வழியில் செபநாயகம், “நல்ல வேலை செய்தீர் பிள்ளை. உம்மடை பதில் இல்லாட்டி இது முடிஞ்சிராது,” என்றார்.

தனுசியா ‘ஓம்’ என்றாள். ஆலைக்கு நாளைக்குப் பூட்டு விழப்போகிறது. அவள் ஆசைப்பட்டது அதுதான். ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் தன் பிழையைத் தானே எடுத்துச் சொல்ல ஒருத்திக்கு நெஞ்சு வந்ததே என்று நினைக்க நினைக்க, காரைப் பார்த்தபோது வந்ததைவிட மோசமாக அவளுக்கு வயிறு எரிந்தது.