தமயந்திக்காகக் குடித்த சைடர்

காலைப் பலகாரம் முடித்த கையோடு செங்கோடன் ஒரு பெல்ஜியத்துப் புளிப்பு பீரைக் குடித்தாக வேண்டும். பொள்ளாச்சியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதற்காக வாயைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பார்.

"நுரை பத்தலையேப்பா," என்று அவர் குரல் காதுக்கருவியில் குறைப்பட்டது.

"அடுத்த மடக்குல சரியாயிருங்க சார்."

நுரை எப்படி இருந்தது என்று குடித்த செங்கோடனுக்குத் தெரியாது. அவர் வாயில் வெறும் குளிர்ச்சிதான் இருந்தது.

விமானங்கள் நின்றுபோன பிறகு முளைத்த தொழில் இது. ஆசைப்பட்டவர்கள் நாக்கடியில் ஒரு சுவைச்சில்லைப் பதித்துக்கொண்டு ஊரிலேயே உட்கார்ந்திருக்க, அவர்களுக்காகக் கப்பலேறிய நாத்தூதர்கள் ஐரோப்பாவில் இருந்துகொண்டு குடிப்பார்கள். ருசி முழுவதும் கடல் தாண்டிப் போய்விடும். போதையும் மறுநாள் தலைவலியும் மட்டும் குடித்தவருக்குத் தாராளமாகத் தங்கும். என்ன நியாயமோ! பதிவு செய்து அனுப்பலாம் என்றால் பதிவுச் சுவையை மூளை நம்புவதில்லை. உயிருள்ள நாக்கு ஒன்று அந்த நேரத்திலேயே குடித்தாக வேண்டும். ஊர் திரும்பிவிட்ட நாத்தூதருக்கு மறுபடி கப்பல் கிடையாது, அதுவும் சட்டம்.

மதியம் ஆனதும் செங்கோடன் சைடர் கடைக்குப் போவார். ஸ்பெயினின் வடகரையில், ஆப்பிள் தோப்புகளுக்கு நடுவே இருந்தது அந்தக் கடை. கடைக்காரர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி, இடுப்பருகே பிடித்த கோப்பையில் ஒரு வாய் அளவு விழவிடுவார். குமிழ் அடங்குமுன் ஒரே மடக்கில் குடித்துவிட வேண்டும். இது மட்டும் செங்கோடனின் மனைவி தமயந்திக்காக. பெருந்துறை வீட்டில் மறதி நோயோடு இருந்த அவளுக்கு அப்போது மாலையாகியிருக்கும்.

"ஏனுங்க!" என்று உடனே அவள் குரல் வரும். "அதே ஆப்பிள் கள்ளுங்க. அன்னைக்கு சட்டையெல்லாம் நனைச்சுக்கிட்டு நின்னீங்களே!"

"நீ சிரிச்ச சிரிப்புல கடைக்காரனே பாட்டில நழுவ விட்டுட்டானே."

விமானங்கள் பறந்த கடைசி வருடத்தில் அவர்கள் தேனிலவுக்கு வந்த கடை அது. அந்த ருசி நாக்கில் இருக்கும்வரை தமயந்தி அவருடைய தமயந்தி. அது கரைந்ததும், "நீங்க ஆருங்க?" என்பாள். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் ஊரான் பீரையெல்லாம் குடித்து அவர் குடலைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ருசி கரையுமுன் அவள் சொன்னாள். "போதுமுங்க. ஊட்டுக்கு வந்துருங்க. தனியா இருக்கப் பயமா இருக்குது."

அன்றே அவர் கப்பலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். தமயந்தியைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் தங்கை வாசுகி பதறினாள். "நல்லா யோசிச்சுக்குங்க மச்சான். அந்த ருசி இருக்கறப்பத்தான் அக்காளுக்கு உங்களத் தெரியுது."

"மூஞ்சியப் பாத்தா தெரியாமயா போயிரும்?" என்றார் செங்கோடன். அப்படித்தான் மனதார நம்பினார், பாவம்.

அவர் பெருந்துறை வந்து சேர்ந்த அன்று தமயந்தி வாசலுக்கு வந்து கைகூப்பினாள். "வாங்க, உக்காருங்க. ஆரைப் பாக்கோணும்?"

நாளாக ஆகச் சரியாகும் என்று இருந்தார். ஆகவில்லை. ஆப்பிளைப் பிழிந்து ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து அவரே ஒரு கள் தயாரித்தார். ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். தினமும் நாக்குக்கு வந்துகொண்டிருந்த ருசி நின்றதும் அவள் சோர்ந்துபோனாள். பேச்சு குறைந்தது, பிறகு சாப்பாடும். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில், ஸ்பெயினில் தன்னோடு வேலை பார்த்து இன்னும் அங்கேயே இருந்த தூத்துக்குடி மரியநேசனைப் போனில் அழைத்து, தன் இடத்தில் அந்தச் சைடரைக் குடிக்கக் கேட்டார்.

"நான் குடிக்கேன் அண்ணாச்சி, அதுல ஒண்ணுமில்ல. ஆனா மதினி பேசுனா நான் என்னத்தச் சொல்ல?"



"ம்னு மட்டும் சொல்லு. போதும்," என்றார் செங்கோடன்.

மறுநாள் மாலை போனை மேசைமேல் வைத்து, ஒலியைக் கூட்டி, அவளருகே உட்கார்ந்தார். சற்று நேரத்தில் தமயந்தியின் தாடை அசைந்தது. முகத்தில் ரத்தம் ஏறியது. கண்கள் மலர்ந்தன.

"ஏனுங்க! இருக்கறீங்களா?"

செங்கோடன் வாயைத் திறப்பதற்குள் போனிலிருந்து வந்தது, "ம்."

"எங்க போயிட்டீங்க இத்தன நாளா? நான் எப்படித் தவிச்சுப் போயிட்டேன் தெரியுமா?" என்றவள், பக்கத்தில் ஆள் இருப்பது உறைத்து, வெட்கத்தோடு திரும்பினாள்.

"ஏனுங்ணா, கோவிச்சுக்காதீங்க. எங்கூட்டுக்காரரு பேசறாரு. சித்த நேரம் வெளிய இருக்கறீங்களா?"

அண்ணன் எழுந்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்து நின்றார். உள்ளே தமயந்தி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவ்வளவு கிட்டத்தில் கேட்டு அவருக்கு எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன.