சேவலுக்கு வந்த அறிவிப்பு

வியாழன், காலை 6.50.

ஜெப்கோரிர் ஊற்றிய தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கைப்பேசி அதிர்வதை நிறுத்தவில்லை. நாற்பதாயிரம் கோழிப் பண்ணைக்காரர்கள் கூடிப் பேசும் ‘கூக்கு பராசா’ இணைய மன்றத்தில், இருநூற்றுப் பதினான்கு பதில்கள் கொண்ட ஓர் உரையாடல் மாயமாகிவிட்டது.

அதைத் தொடங்கியவர் ‘மோலோ ஜோகூ’. மோலோ ஊர்ச் சேவல் என்று பொருள். நகுரு பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்து என்று விற்பது வெறும் தண்ணீர் என எழுதி, குப்பிகளின் படங்களையும் போட்டிருந்தார். அந்த மருந்தை நம்பி அவருடைய முந்நூறு கோழிகள் செத்திருந்தன. நாளை மறுநாள் சந்தை. பண்ணைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் மருந்து வாங்க வருவார்கள்.

உரையாடல் இருந்த இடத்தில் இப்போது ஓர் அறிவிப்பு, காலை 5.32 என்ற நேரத்தோடு:

“சகோதரி, உங்கள் புகாருக்கு ஆதாரமில்லை. பதிவை அழித்துவிட்டோம். உங்களையும் மன்றத்திலிருந்து நீக்குகிறோம். இப்படிக்கு, நடுவர்கள்.”

அதன் கீழே உறுப்பினர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஜோகூ அண்ணன ஏன்யா தூக்குனீங்க?”

“அண்ணன் பொய் சொல்ற ஆளு இல்ல. நடுவருங்க வீட்ல நேத்து கோழிக்கறியோ?”

நடுவர்களில் ஒருத்தியான ஜெப்கோரிர் இன்னோர் அறிவிப்புப் போட்டு மறுக்கலாம். ஆனால் ஒரே வாயிலிருந்து இரண்டு பேச்சு வந்தால் எதை நம்புவார்கள்? ‘நடுவர்கள்’ என்ற அந்தப் பொதுக்கணக்கின் சாவி மூன்று பேரிடம்தான் இருந்தது: அவளிடமும், கிடாலேயில் பள்ளி ஆசிரியராக இருக்கும் சிமியூவிடமும், நகுருவில் அச்சகம் வைத்திருக்கும் ஒபூயாவிடமும். யாரை நீக்குவதானாலும் முதலில் அவருக்குத் தனிமடல் அனுப்பிக் கேட்பது வழக்கம். அந்த மடலும் போகவில்லை.

7.15. சிமியூ அழைப்பை எடுத்தார்.

“நீங்க அழிச்சீங்களா, சார்?”

“நானா? அந்தாளு எழுதுனது சரின்னு மொதல்ல சொன்னதே நான்தானேம்மா. எங்க ஸ்கூல் கோழிங்களும் அதே மருந்துலதான் போச்சு.”

7.40. ஒபூயா.

“நீ அழிச்சியா?”

“நான் இல்ல. ஆனா யாரு செஞ்சிருந்தாலும் நல்ல காரியம். ஒருத்தன் பொழப்புல மண்ணள்ளிப் போடலாமா? அந்தம்மா கொஞ்சம் வாய அடக்கியிருக்கலாம்.”

“சரி” என்று வைத்துவிட்டாள். நகுரு நீதிமன்றத்தில் அவள் மொழிபெயர்ப்பாளர். சாட்சி எந்தச் சொல்லைச் சொன்னாரோ அதை அப்படியே எழுதிக்கொள்வது பழக்கம். இரண்டு பேர் பேசியதையும் எழுதினாள். பிறகு, உறுப்பினர்கள் சேரும்போது கொடுத்த எண்கள் அவள் பார்வைக்கு மட்டும் இருந்ததால், ஜோகூவின் எண்ணைத் தேடி எடுத்தாள்.

8.05. பேசியது ஒரு பெண்குரல்.

“ஜோகூ இருக்காருங்களா?”

“நான்தாங்க ஜோகூ. பேரு கெருபோ.”

“மன்றத்துல எல்லாரும் உங்கள அண்ணன்னுதானே கூப்பிடுறாங்க?”

“கூப்பிடட்டும்னு விட்டுட்டேன். பொம்பளைன்னா நான் சொல்ற வைத்தியத்த எவன் கேக்குறான்?”

“நீங்க யாருன்னு வேற யாருக்குத் தெரியும்?”

“கடைக்காரனுக்கு மட்டும். செத்த கோழி ரெண்ட அவன் மேசைமேல வச்சு, ‘நான்தாண்டா மோலோ ஜோகூ, உன்னப் பத்தி எழுதப்போறேன்’னு சொல்லிட்டு வந்தேன்.”

பிற்பகல் 1.10. நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடை. ஒபூயா மந்தாசிப் பணியாரத்தைப் பிட்டுக்கொண்டிருந்தான். அவன் முன்னால் ஜெப்கோரிர் உட்கார்ந்தாள். மேசைமேல் கைப்பேசி, அதில் சிமியூ கேட்டுக்கொண்டிருந்தார்.

“அழிச்சது நீதான், ஒபூயா.”

“ஆதாரம்?”

“அறிவிப்போட மொத வார்த்தை. சகோதரி.”

“அதுல என்ன தப்பு?”

“நாப்பதாயிரம் பேரும் ஜோகூவ ஆம்பளைன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. நானும்தான். சிமியூ சாரும் காலையில அந்தாளுன்னாரு. நீ ஒருத்தன்தான் அந்தம்மான்னே.”

மந்தாசி தட்டுக்குத் திரும்பியது.

“அவங்க பொம்பளைன்னு கடைக்காரனுக்கு மட்டுந்தான் தெரியும். உனக்கு அவன் சொல்லியிருக்கான். நீ அந்த இருநூத்திப் பதினாலு பதில்ல ஒண்ணையாவது படிச்சிருந்தா அண்ணேன்னு எழுதியிருப்ப. நம்மாளுங்க பேசுறத நீ படிக்கவே இல்ல.”

ஒபூயா தட்டைத் தள்ளி வைத்தான். “அவன் என் தங்கச்சி புருஷன். அழுதான்.”

“கெருபோவும் அழுதிருப்பாங்கப்பா. அவங்களுக்கு யாரு அறிவிப்புப் போட்டா?” என்றார் சிமியூ.

“ரெண்டு வழி இருக்கு. நான் எழுதட்டுமா, நீயே எழுதுறியா?” என்று கேட்டாள் ஜெப்கோரிர்.

அவனே எழுதினான். 1.48க்கு வெளிவந்த அறிவிப்பில் முதல்முறையாக ‘நடுவர்கள்’ என்ற கையெழுத்து இல்லை. அழித்தவன் பெயர், உறவு, மன்னிப்பு, பதவி விலகல், நான்கும் இருந்தன. அடுத்ததாக ஜெப்கோரிர் தன் பெயரில் எழுதினாள்: இனி ஒவ்வொரு முடிவின் கீழும் அதை எடுத்தவர் பெயர் இருக்கும், யாரும் கேள்வி கேட்கலாம், ஒரே நாளில் பதில் வரும். கெருபோ மன்றத்துக்குத் திரும்பி, தன் பெயரைச் சொல்லி, படங்களை மறுபடியும் போட்டாள். பொழுது சாய்வதற்குள் தொள்ளாயிரம் பதில்கள் வந்தன. குப்பிகளைத் தூக்கி எறிய வேண்டாம், சனிக்கிழமை அந்தக் கடைக்கே கொண்டுவாருங்கள் என்று சிமியூ எழுதினார்.

சனி, காலை 9.30.

கடைவாசலில் நின்ற கூட்டம் பேருந்து நிலையம் வரை நீண்டிருந்தது. பைகளிலும் கூடைகளிலும் குப்பிகள். வெள்ளிக்கிழமையே ஜெப்கோரிர் கொடுத்த புகாரைக் கையில் வைத்துக்கொண்டு கால்நடை அதிகாரி கதவருகே நின்றார். பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். கடைக்காரன் பூட்டைத் திறந்தான்.

மோலோவிலிருந்து வந்த மட்டாட்டு வண்டியிலிருந்து சிவப்புத் துண்டு கட்டிய ஒருத்தி இறங்கினாள். கையில் காலிக் குப்பிகள் நிறைந்த வாளி.

“வரிசையில நில்லும்மா, நாங்கல்லாம் விடியறதுக்கு முன்னாடியே வந்தவங்க” என்றார் ஒரு கிழவர்.

“நான் மூணு வாரம் முன்னாடியே வந்துட்டேன் பெரியவரே. மொத புகார் என்னுது. நான் கெருபோ.”

கிழவர் தொப்பியைக் கழற்றினார். பின்னாலிருந்தவர்களிடம் திரும்பிப் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் வரிசை நெடுகப் பரவியது. கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. கெருபோ வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்து, அதிகாரிக்கு முன்னால் கடைக்குள் போனாள்.